நாலு விரல் ஆழம்

உத்தரவைப் படித்துக் காட்டியவன் பண்ணை எழுத்தனான நான்தான். 1971 அக்டோபர் கடைசி; அறுவடை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஷஹீத் கத்தூர் பண்ணையின் தொழிலாளர் கூட்டம் வழக்கம்போல் ஒயின் கிடங்கில் கூடியிருந்தது. நாற்பது பேர் உட்கார எங்களுக்கு வேறு கூரை இல்லை. சுவரை ஒட்டிப் பன்னிரண்டு சிமெண்ட் தொட்டிகள். பன்னிரண்டும் நிரம்பி நின்றன. அதில் ஐந்து போன வருஷத்துச் சரக்கு. எண்ணெய்க் கிணறுகள் யாருக்கு என்று எங்கள் அல்ஜீரிய அரசாங்கத்துக்கும் பிரான்சுக்கும் தகராறு முற்றியதில், வஹ்ரான் துறைமுகத்துக் கப்பல்கள் எங்கள் ஒயினை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. செய்கிற நாங்கள் குடிப்பதில்லை. குடிக்கிறவனுக்கு எங்களோடு சண்டை.

அரசாங்க உத்தரவு ஒரே பக்கம். சமவெளியில் இருக்கும் நாற்பது ஹெக்டேர் திராட்சைக் கொடியையும், மேட்டுச் சரிவில் இருக்கும் ஆறு ஹெக்டேரையும் வேரோடு பிடுங்கிவிட்டு, குளிர்கால மழைக்கு முன் கோதுமை விதைக்க வேண்டும்.

நான் படித்து முடித்ததும் பண்ணை டைரக்டர் மஹியத்தீன் எழுந்து, அல்ஜியர்ஸிலிருந்து வந்திருந்த வேளாண் எஞ்சினியரைக் காட்டினார். பெயர் நஜீப். இருபத்தேழு வயது இருக்கும். நகரத்துச் சப்பாத்தோடு வந்திருந்தாலும் சேற்றில் நடக்க யோசிக்காதவர்.

"கொடி அந்நியன் கொண்டுவந்து நட்டது," என்றார் நஜீப். "அவன் குடிக்கிறதுக்காக நம்ம மண்ணுல நட்டான். ரொட்டிக்கு நாம கப்பல்ல கோதுமை இறக்குறோம். இது எவ்வளவு நாளைக்கு நடக்கும், நீங்களே சொல்லுங்க."

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை.

பின்வரிசையில் பெனவ்தா எழுந்தார். கிடங்குக்கும், கொடி நறுக்கும் கவாத்துக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். அறுபது வயது, எழுதப் படிக்கத் தெரியாது. ஒயினை வாயில் ஊற்றிச் சுழற்றிவிட்டு மண்ணில் துப்புவார். பிறகு மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டுத் தொழுகைக்குப் போவார். முப்பது வருஷத்தில் ஒரு மிடறு உள்ளே போனதில்லை என்று சத்தியம் செய்வார். 'நாக்கை மட்டும் முன்கூட்டியே நரகத்துக்கு அனுப்பி இடம் பிடிச்சு வச்சிருக்கான்' என்பது அவரைப் பற்றி ஊரில் ஓடும் பேச்சு.

"எஞ்சினியர் தம்பி, மேட்டு உச்சியில பாறையைக் குடைஞ்சு ஒரு தொட்டி இருக்கு. பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரோமர் காலத்துது. திராட்சை மிதிக்கிற தொட்டி."

"அதைக் குடைஞ்சவன் பிரெஞ்சு பேசினானா?"

சிரிப்பு எழுந்தது. நஜீபும் சிரித்தார். பெனவ்தா சிரிக்கவில்லை.

"இந்த மேட்டுல பிடுங்குன்னு சொல்றது இது மூணாவது தடவை. எங்க பாட்டன்மாருங்க சிவப்புத் திராட்சையும் அத்தியும் வச்சிருந்தாங்க, தின்னுறதுக்கு, காயவைக்கிறதுக்கு. நிலத்தைப் பிடிச்ச வெள்ளைக்காரன் அதைப் பிடுங்கிட்டு அவன் கொடியை வச்சான். அப்புறம் வேர்ப்பேன் வந்துச்சு. அவன் கொடி அத்தனையும் கருகி, திரும்பப் பிடுங்கினான். கடைசியா அமெரிக்காவுலேர்ந்து வேர் வந்துச்சு, பேன் கடிச்சாலும் சாகாத வேர். அதுமேல கரினியான்ங்கிற ஒயின் திராட்சையை ஒட்டுப் போட்டது யாரு தெரியுமா? எங்கப்பன். கூலிக்கு. பதினஞ்சாயிரம் ஒட்டு. வெள்ளைக்காரன் நிழல்ல உட்கார்ந்து எண்ணினான்."

"அதுக்காக வச்சுக்கணுமா?"

"அதுக்காக இல்ல. சமவெளியைப் பிடுங்கிக்குங்க. நாற்பது ஹெக்டேரும் போகட்டும், நான் வாயத் திறக்க மாட்டேன். தொட்டியில கிடக்கிறதை விக்க முடியலைன்னு எனக்குத் தெரியாதா? மேட்டை மட்டும் விடுங்க. அந்த மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறது வேரு. கோதுமை வேரு ஒரு சாண். கீழே பதினோரு வீடு, ஒரு கிணறு. மழை வந்தா மேடு கீழே இறங்கி வரும்."

"சரிவுக்குக் குறுக்கே உழுதா மண் நிக்கும்," என்றார் நஜீப். "கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"எந்த ஊர் மேட்டுக்குப் போட்ட கணக்கு?"

டைரக்டர் குறுக்கிட்டார். "ஸி பெனவ்தா, விடுதலைப் போர்க்காலத்துல போராளிங்க சொன்னாங்கன்னு இதே கொடிய ராத்திரியோட ராத்திரியா வெட்டினவன் நீ. இப்ப உனக்கு அது மேல பாசம் வந்துடுச்சா?"

1956-ல் பிரெஞ்சு நிலத்துக்காரனுக்கு நஷ்டம் வைக்க நாலு வரிசைக் கொடியை வெட்டியது உண்மை. அதில் அவரோடு இருந்த கத்தூர் பிறகு பிடிபட்டு, திரும்பவேயில்லை. பண்ணைப் பெயரில் உள்ள ஷஹீத், தியாகி, அவர்தான். கத்தூரின் மனைவி மொக்தாரியா, பெனவ்தாவின் அக்கா, மேட்டடியில் உள்ள பதினோரு வீடுகளில் முதல் வீட்டுக்காரி. அறுவடைப் பெண்களுக்குத் தலைவியாக அன்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு அது அவனோடது," என்றார் பெனவ்தா. "அதனால வெட்டினேன். இன்னிக்கு நம்மளோடது. அதனால மாட்டேங்கிறேன். இதுல புரியாதது என்ன?"

மொக்தாரியா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "டைரக்டர் ஐயா, பண்ணை வாசல்ல எழுதி வச்சிருக்கீங்களே, அது என் புருஷன் பேரு. அவர் பேரை மேலே மாட்டிட்டு, மலையை என் தலையில இறக்குறீங்க."

வாக்கெடுப்பு நடந்தது. சமவெளியைப் பிடுங்க எல்லாரும் கை தூக்கினார்கள். மேட்டைப் பிடுங்கக் கூடாது என்று முப்பத்தாறு கைகள், பிடுங்கலாம் என்று நாலு. நான் எழுதிக்கொண்டேன். டைரக்டர் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ. வாக்கு வாக்கு, உத்தரவு உத்தரவு" என்றார். காகிதத்தில் பண்ணை தொழிலாளர்களுடையது. பணப்பெட்டிச் சாவி அவரிடம் இருந்தது.

பட்டைச் சக்கர டிராக்டர்கள் இரண்டு வந்து சமவெளியில் வேலையைத் தொடங்கின. சங்கிலியைக் கொடியின் கழுத்தில் மாட்டி இழுப்பார்கள். நிலம் முனகுவதுபோல் ஒரு சத்தம் வரும். ஆளுயர வேரோடு கொடி வெளியே விழும். மேட்டில் டிராக்டர் ஏறினால் கவிழும் என்று எங்கள் ஓட்டுநர் தய்யிப் சொல்லிவிட்டான். வெளியூர் ஆட்களை வைத்துக் கையால் பிடுங்க டைரக்டர் ஏற்பாடு செய்யத் தொடங்கினார்.

அன்று மாலை பெனவ்தா என் அறைக்கு வந்தார்.

"பேனாக்காரரே, டைரக்டர்கிட்ட சொல்லிடுங்க. வெளியாள் வேணாம். எங்கப்பன் வச்சதை நாங்களே எடுக்கிறோம். ஏழு நாள் போதும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எடுக்கப் போறீங்களா?"

"ஐம்பத்தாறுல வெட்டினோமே, அது என்னாச்சு தெரியுமா? முழங்கால் உயரத்துல வெட்டினோம். அடுத்த வசந்தத்துல முன்னே இருந்ததைவிட நல்லாத் தழைச்சு வந்து நின்னுச்சு. கத்தூர் தலையில அடிச்சுக்கிட்டான். 'கொடிய வெட்டினா கவாத்துடா, பிடுங்கினாத்தான் சாவு'ன்னான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை கீழே வெட்டுவோம். மண்ணுக்கு ரெண்டு விரல் கீழே. மேலே மண்ணை மூடி, நடுவுல கோதுமை தூவிடுவோம். பார்க்கிறவனுக்குப் பிடுங்கின மாதிரி. வேரு அங்கேயே இருக்கும்."

"ஒட்டு? ஒட்டுக்குக் கீழே வெட்டினா அமெரிக்க வேர்தானே முளைக்கும்—"

"அப்பன் நாலு விரல் ஆழத்துல ஒட்டைப் புதைச்சான். என் கண்ணால பார்த்திருக்கேன். வெயில்ல காயாம இருக்க அப்படி வைப்பாங்க. ரெண்டு விரல்ல வெட்டினா ஒட்டுக்கு மேலேதான்."

ஏழு நாள் நாற்பது பேர் குனிந்து வேலை செய்தோம், நானும் போனேன். கடப்பாரையால் அடி மண்ணைத் தள்ளி, இரண்டு விரல் வைத்துப் பார்த்து, ரம்பம். ஐம்பது வருஷத்து அடிமரம் ஒவ்வொன்றும் தொடைத் தடிமன். பெனவ்தா கீழ் வரிசைகளை எடுத்துக்கொண்டார், அக்கா வீட்டுக்கு நேர் மேலே இருந்தவற்றை. மேல் வரிசைகளைத் தய்யிபும் மற்றவர்களும். மொக்தாரியாவின் அடுப்புக்கு அந்தக் குளிர்காலம் விறகுப் பஞ்சம் இல்லை. வெட்டிய கட்டைகளை அவள் வீட்டுச் சுவர் உயரம் அடுக்கினோம்.

கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது என்பதுதான் எனக்குத் தலைவலி. 'கொடிகள் பிடுங்கப்பட்டன' என்று எழுத மனம் வரவில்லை. கடைசியில் 'மேட்டுச் சரிவில் தரைக்கு மேல் கொடி எதுவும் இல்லை' என்று எழுதினேன். டைரக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தைப் பற்றி அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் பக்கத்துப் பண்ணையின் சரிவு இறங்கியது. அங்கே கொடியை வேரோடு பிடுங்கிக் கோதுமை விதைத்திருந்தார்கள், சரியாகச் சரிவுக்குக் குறுக்கே உழுதிருந்தார்கள். பச்சைப் பயிரோடு மண் ஒரு போர்வைபோல் மடிந்து சாலையில் விழுந்தது. பாலத்தடிக் குழாய் அடைத்துக்கொண்டது. பன்னிரண்டு ஆடுகளும், ஒரு கிணறும் போயின. பகலில் நடந்ததால் ஆள் சேதம் இல்லை.

எங்கள் மேட்டில் கோதுமை வரிசை வரிசையாக நின்றது. ஓடைகளில் கலங்கல் தண்ணீர் இறங்கியதே தவிர, மண் இறங்கவில்லை.

"உன் மீசையை இனிமே முறுக்கிக்கலாம்," என்றாள் மொக்தாரியா தம்பியிடம். அவர் முறுக்கவில்லை. தினமும் விடிந்ததும் மேட்டுக்குப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

மார்ச் கடைசியில் துளிர் வந்தது. கோதுமை நடுவே சிவந்த மொட்டுகள், வரிசை தப்பாமல். கீழ்ப் பாதியில் பெனவ்தா ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்தார். அகலமான, மடிப்பு மடிப்பான இலை. கரினியான். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மேல் பாதிக்கு ஏறினோம். அங்கேயும் துளிர் நிறைய இருந்தது. ஆனால் இலை வேறு. சின்னதாக, வழவழப்பாக, விரித்த விசிறிபோல. பெனவ்தா ஒரு வரிசை முழுக்க நடந்தார், அடுத்த வரிசை, அதற்கடுத்தது. பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அமெரிக்கக் காடு," என்றார். "வேரு மட்டும் முளைச்சிருக்கு. ஒட்டு இல்ல."

"மேலே வெட்டினவங்க ஆழமா வெட்டிட்டாங்களா?"

கூட வந்திருந்த தய்யிபுக்கு முகம் சுருங்கியது. "ஸி பெனவ்தா, அல்லா மேல ஆணை, ரெண்டு விரல்தான். ஒவ்வொண்ணுக்கும் விரல் வச்சுப் பார்த்தேன். என் விரலைப் பாருங்க, நகம்கூட இன்னும் முளைக்கல."

பெனவ்தா இறங்கி நேராக அக்கா வீட்டு விறகுக் குவியலுக்குப் போனார். கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார்.

"அடுப்புக்கு வச்சதை ஏண்டா கலைக்கிறே?" என்றாள் மொக்தாரியா. அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது.

"மேல்வரிசைக் கட்டை எது, அக்கா?"

"சுவரோரம் இருக்கிறது. பாதி எரிச்சாச்சு. ஏன், அதுக்குள்ள தங்கமா?"

அவர் ஒரு கட்டையை நிமிர்த்தி வைத்தார். ரம்பம் பட்ட அடி ஒருபுறம். அதிலிருந்து ஒரு சாண் மேலே, பட்டைக்கு நடுவில், கழுத்தணி போட்டதுபோல் ஒரு புடைப்பு. ஒட்டுத் தழும்பு. அவர் அதைத் தடவினார். நாற்பது வருஷமாக ஒவ்வொரு கவாத்துக்கும் அந்தப் புடைப்பின் மேல் கை வைத்தவர்தான்; வயதான கட்டையின் முண்டு என்றே எல்லாரும் நினைத்திருந்தோம்.

"வெட்டு எங்கே இருக்கு? மண்ணுக்கு ரெண்டு விரல் கீழே. அப்ப தரை இங்கே." கட்டைவிரலால் ஒரு கோடு இழுத்தார். "தழும்பு அதுக்கு முக்கால் சாண் மேலே. அப்பன் வைக்கிறப்ப அது நாலு விரல் கீழே இருந்துச்சு." விரலை மறுபடி தழும்பில் வைத்தார். "மண்ணு போயிருக்கு அக்கா. கொடி இருந்தும் போயிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மேலேர்ந்து இறங்கிக் கீழே சேர்ந்திருக்கு. கீழே வெட்டினது ஒட்டுக்கு மேலே, மேலே வெட்டினது ஒட்டுக்குக் கீழே. ரெண்டும் ஒரே ரெண்டு விரல்."

"யார் தப்பு?" என்று தய்யிப் மெதுவாகக் கேட்டான்.

"அளவு சொன்னவன் தப்பு. நான் பார்த்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது மண்ணு. வெட்டினது எழுபத்தொண்ணு மண்ணு."

மொக்தாரியா கட்டையை அவரிடமிருந்து வாங்கி ஒரு ஓரமாகத் தனியே வைத்தாள். "இதை எரிக்க மாட்டேன்," என்றாள். "ஆனா நீ மூஞ்சிய அப்படி வச்சுக்காதே. ஏழாயிரம் கொடியக் கொன்னே, சரி. பதினோரு வீட்டைக் காப்பாத்தியிருக்கே. கத்தூருக்குக்கூட இந்தக் கணக்கு வரலே."

ஏப்ரல் முதல் வாரம் டைரக்டரும் நஜீபும் கோதுமையைப் பார்க்க வந்தார்கள். மேட்டின் கீழ்ப்பாதியில் அதற்குள் கொடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. கோதுமைக்குள் மறைக்க முடியாது; பெனவ்தா மறைக்க முயலவும் இல்லை. முந்தின நாளே அவர் எங்களை அழைத்து, கொடிகளைச் சுற்றிக் கோதுமையை அறுத்துவிடச் சொன்னார். "வர்றவனுக்குத் தெளிவாத் தெரியட்டும்."

டைரக்டரின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிடுங்கினதுன்னு எழுதினியே!"

"தரைக்கு மேல் கொடி இல்லைன்னு எழுதினேன்."

"இது என்ன, தரைக்கு அடியிலயா இருக்கு?"

"அவரை விடுங்க," என்றார் பெனவ்தா. "நான்தான் செஞ்சேன். வெட்டி மூடினேன். நாற்பது பேர் குனிஞ்சு செஞ்சோம். எஞ்சினியர் தம்பி, நீங்க ரெண்டு நிமிஷம் எங்கூட வாங்க."

அவரைப் பக்கத்துப் பண்ணைச் சரிவு தெரியும் முனைக்குக் கூட்டிப்போனார். சாலையை இன்னும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. மண் வெட்டுகிற ஆட்கள் அங்கே கும்பலாக நின்றார்கள். நஜீப் நெடுநேரம் பார்த்தார். அதைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சரிவுக்கும் கணக்குப் போட்டவர் அவர்தான் என்று பிற்பாடு அறிந்தேன்.

மொக்தாரியா வீட்டு வாசலில் தனியே எடுத்து வைத்திருந்த கட்டையைப் பெனவ்தா கொண்டுவந்து நிறுத்தினார். தழும்பைக் காட்டினார். தரைக்கோட்டைக் காட்டினார். அப்பன் வைத்த நாலு விரலைச் சொன்னார். நஜீப் பையிலிருந்து டேப் எடுத்து இரண்டு முறை அளந்தார். பிறகு கீழ் வரிசைக்கு இறங்கி, ஒரு கொடியின் அடியைத் தோண்டச் சொன்னார். தழும்பு முழங்கை ஆழத்தில் கிடைத்தது.

"ஆக, வேரு பிடிச்சு வச்சும் ஐம்பது வருஷத்துல ஒரு சாண் போயிருக்கு," என்றார் அவர் மெல்ல. "வேரு இல்லைன்னா..."

"அங்கே பார்த்தீங்களே. ஒரே மழை."

நஜீப் சப்பாத்து மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். யோசிக்கிறவரின் முகம்.

"ஸி பெனவ்தா, ஒரு வழி இருக்கு. ஒயின் கொடி இருக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. தின்னுற திராட்சை வைக்கலாம். மேலே முளைச்சிருக்கிற அமெரிக்க வேர்மேல சிவப்புத் திராட்சைய ஒட்டுங்க. கீழே இருக்கிற கரினியானை... 'மண் தடுப்புப் புதர்'னு நான் எழுதிடுறேன். யாரும் கேக்க மாட்டாங்க."

டைரக்டரின் முகத்தில் உயிர் வந்தது. "நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை. எழுதிடலாம்."

பெனவ்தா தலையசைத்து மறுத்தார்.

"தம்பி, நீங்க நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. நான் ஒளிக்கப் போனேன். ஒளிக்கிறவன் தாழ்ந்து வெட்டணும். தாழ்ந்து வெட்டினதுலதான் மேல்பாதி போச்சு. போன அக்டோபர்ல 'மாட்டேன்'னு சொல்லிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தா, முழங்கால் உயரத்துலகூட ஒருத்தனும் வெட்டியிருக்க மாட்டான். ஏழாயிரம் கொடிக்கு அதுதான் விலை. இன்னொரு தடவை புதர்னு எழுதி ஒளிக்க மாட்டேன்."

"அப்ப என்ன எழுதணுங்கிறே?" என்றார் டைரக்டர்.

"பேனாக்காரர் எழுதட்டும். 'கொடி பிடுங்கப்படவில்லை. பிடுங்க மாட்டோம். கீழே கரினியான் இருக்கிறது. மேலேயும் கரினியானே ஒட்டப்படும்.' அவ்வளவுதான்."

"யார் குடிக்கப் போறா அந்த ஒயினை? நீயா?"

"நான் துப்புறவன். குடிக்கிறவன் வர்றப்ப வரட்டும். வரலைன்னா புளிக்க வச்சு வினிகர் பண்ணலாம், காயவச்சுத் தின்னலாம், ஆட்டுக்குப் போடலாம். என்ன பண்ணணுங்கிறதை மேட்டுக்குக் கீழே இருக்கிறவன் முடிவு பண்ணட்டும்."

டைரக்டர் நஜீபைப் பார்த்தார், அவர் ஏதாவது சொல்லுவார் என்று. நஜீப் கட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இதை நான் எடுத்துக்கலாமா?"

"அது என் விறகு," என்றாள் மொக்தாரியா. "எதுக்கு?"

"மேலிடத்துல காட்ட. காகிதத்துல எழுதினா நம்ப மாட்டாங்க, லல்லா."

"எடுத்துட்டுப் போ. காட்டிட்டு எரிச்சுடாதே."

அவர் கட்டையைக் காரின் பின் சீட்டில், ஆளை உட்கார வைப்பதுபோல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போனார்.

அன்றே கூட்டம் கூடியது. அதே கிடங்கு, அதே தொட்டிகள். சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி உரக்கப் படித்தேன். பெனவ்தா முதலில் கைநாட்டு வைத்தார். பிறகு தய்யிப். போன தடவை பிடுங்கலாம் என்று கை தூக்கிய நாலு பேரில் மூவர் வைத்தார்கள். நாலாமவர் யோசித்துவிட்டு, "என் வீடும் கீழேதானே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு வைத்தார். மை தீர்ந்ததும் மொக்தாரியா அடுப்புக் கரியைக் குழைத்துக் கொண்டுவந்தாள். அந்தக் காகிதத்தின் அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. பழைய வாக்கியத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்தேன்.

டைரக்டர் அதை மேலே அனுப்பினார். அனுப்பாமல் இருக்க அவரால் முடியவில்லை. கட்டையோடு நஜீப் ஏற்கனவே மேலிடத்துக்குப் போயிருந்தார்.

கோடையில் மேலிடத்திலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. திராட்சை அறுவடைக் காலத்திலும் வரவில்லை. சமவெளியில் அறுக்க ஒன்றுமில்லாமல் கோதுமைத்தாள் நின்றது, மேட்டில் முதல் வருஷக் கொடிக்குக் காய் இல்லை. அக்டோபரில் டிராக்டர் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே ஓடினோம். சாலை போடுகிறவர்களின் டிராக்டர்.

1973 பிப்ரவரி. ஒட்டுப் போடும் காலம். கீழ்ப்பாதிக் கரினியானில் ஒரு வருஷம் முதிர்ந்த குச்சிகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி மேலே கொண்டுபோனார்கள். தய்யிப் அமெரிக்க அடியைப் பிளப்பான். பெனவ்தா குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகி, நார் வைத்துக் கட்டுவார். இந்த முறை ஒட்டு தரைக்கு மேலேயே இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இரும்புக் கம்பியை அடித்து, தரை மட்டத்தில் சிவப்புப் பூச்சு வைத்தார்கள். அடுத்து வருகிறவன் விரல் வைத்து ஏமாற வேண்டாம் என்று.

அந்த நாட்களில் ஒரு நாள் காலையில்தான் கடிதம் வந்தது. அரசு முத்திரை. நான் அதைப் பிரிக்காமல் மேட்டுக்கு எடுத்துப் போனேன். பெனவ்தா கத்தியைத் துடைத்தபடி நிமிர்ந்தார்.

"படிங்க."

படித்தேன். ஒழுங்கு மீறலுக்காக அவரைக் கிடங்குத் தலைவர் பொறுப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். கிடங்குச் சாவியை இந்த வாரமே ஒப்படைக்க வேண்டும். கவாத்துக் கூட்டத் தலைவர் பதவியும் இல்லை. இனி அவர் சாதாரணத் தொழிலாளி. கீழே ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்து.

தய்யிப் பல்லைக் கடித்தான். மொக்தாரியா குச்சிக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "உன் நாக்குக்கு ஓய்வு கிடைச்சுது," என்றாள்.

பெனவ்தா என்னைப் பார்த்தார்.

"மேட்டைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா?"

கடிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

"இல்ல. ஒரு வரி இல்ல."

"அப்பப் படிச்சது போதும்," என்றார். இடுப்பிலிருந்து கிடங்குச் சாவியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, அடுத்த அடிமரத்துக்கு முன்னால் மண்டியிட்டார். "தய்யிப், பிள. குச்சி காயுது."